மோட்டார் இல்லாத லைன்

மூன்று மாதம் முன்பு மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது, எக்கோ அறைக்கு வெளியே ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு தாள். அதில் டாக்டர் பேனாவால் போட்டுக் கொடுத்த இதயப் படம். அவர் மனைவிக்கு எட்டாவது மாதம். வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயத்தில் ஒரு கீழறைதான் ஒழுங்காக வளர்ந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. என் மகளுக்கும் அதேதான் என்று தெரிந்ததும் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இது: "அண்ணே, இருக்கிற ஒரு அறை உடம்புக்கு ரத்தம் அனுப்பும்னு சொல்றாங்க. அப்ப நுரையீரலுக்கு யார் அனுப்புறது?"

நான் 22 வருடமாகத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவன். ஒன்பது வருடம் முன்பு நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். அன்று அவருக்குப் பாதிதான் பதில் சொல்ல முடிந்தது, மகளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நிதானமாக எழுதி அனுப்புகிறேன் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. வேறு அப்பா அம்மாக்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே போடுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் மகளுக்கு நடந்ததும், அவளுக்காகக் கேட்டுக் கேட்டு நான் புரிந்துகொண்டதும் மட்டும்தான் இதில் இருக்கிறது.

சாதாரண இதயம் என்பது ஒரே உறைக்குள் இருக்கும் இரண்டு மோட்டார். வலது கீழறை நுரையீரலுக்குத் தள்ளுகிறது, இடது கீழறை உடம்புக்குத் தள்ளுகிறது. ஒன்று தள்ளியது சுற்றி வந்து மற்றதற்குத்தான் போய்ச் சேரும், ஆகவே இரண்டும் ஒரே லைனில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் வேலை ஒன்றல்ல. இடது பக்கம் 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தள்ள வேண்டும். வலது பக்கத்துக்கு 25 போதும். நுரையீரலின் ரத்தக் குழாய்கள் அவ்வளவு அகலம், அவ்வளவு இளக்கம். ஒரு நிமிடத்தில் உடம்பு முழுவதற்கும் போகும் ரத்தம் அத்தனையும் அந்த இரண்டு பஞ்சுப் பைகளின் வழியாகவும் போகிறது, அதுவும் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தத்தில். இது தெரிந்த அன்றைக்கு நான் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு இருப்பது ட்ரைகஸ்பிட் அட்ரீசியா. வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் நடுவில் இருக்க வேண்டிய வால்வு உருவாகவே இல்லை. ரத்தம் வராததால் வலது கீழறை சிறுத்துப் போய்விட்டது. உடம்பிலிருந்து திரும்பி வரும் நீல ரத்தம், மேலறைச் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக இடது பக்கம் போய், நுரையீரலிலிருந்து வரும் சிவப்பு ரத்தத்தோடு கலந்துவிடும். கலந்த ரத்தம் முழுவதையும் ஒரே கீழறைதான் தள்ள வேண்டும். கீழறைச் சுவரிலும் அவளுக்கு ஒரு ஓட்டை இருந்தது. நுரையீரலுக்கு அதுதான் வழி. ஆனால் அது குண்டூசித் தலை அளவுதான்.

பிறந்த முதல் நாள் அவள் நன்றாகத்தான் இருந்தாள். தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு நுரையீரலால் வேலை இல்லை. அங்கே போகும் ரத்தமும் மிகக் கொஞ்சம். பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் ஒரு சிறிய குழாய் அப்போது திறந்திருக்கும். பிறந்து ஓரிரு நாளில் அது தானாக மூடிக்கொள்ளும், மற்ற குழந்தைகளுக்கு அது மூடுவதுதான் நல்லது. என் மகளோ அந்தக் குழாயை நம்பித்தான் இருந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அது சுருங்கத் தொடங்கியதும் நகங்கள் கருநீலமாயின. புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தை விடாமல் ஏற்றித்தான் அந்தக் குழாயைத் திறந்து வைத்தார்கள். அந்த மருந்தால் குழந்தை சில சமயம் மூச்சுவிட மறந்துவிடும். அதனால் ஒரு சிஸ்டர் பக்கத்திலேயே நின்று, மூச்சு நின்றால் பாதத்தைச் சுண்டிவிடுவார். அந்தச் சுண்டும் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

எட்டாம் நாள் ஷன்ட் வைத்தார்கள். கைக்குப் போகும் தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கு, கோர்-டெக்ஸ் என்ற செயற்கைப் பொருளில் செய்த ஒரு சிறிய குழாய். விட்டம் மூன்றரை மில்லிமீட்டர். எதற்கு இவ்வளவு ஒல்லி, நாலு மில்லிமீட்டர் வைக்கக் கூடாதா என்று சர்ஜனிடம் கேட்டேன். என் தொழில் என்னவென்று கேட்டார், சொன்னேன். "அப்படியானால் நீங்களே கணக்குப் போடுங்கள்" என்றார். போட்டேன். குழாயில் ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறும். அரை மில்லிமீட்டர் கூடினால், மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால், சுமார் 70 சதவீதம் கூடுதல் ரத்தம் போகும். மூன்று கிலோ குழந்தையில் அரை மில்லிமீட்டர் என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

அந்த ஷன்ட்டின் கதையை அந்த நாட்களில்தான் படித்தேன். 1944 நவம்பர் 29 அன்று, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 15 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு ஆல்ஃப்ரெட் பிளாலாக் முதல்முறையாக இதைச் செய்தார். நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் கிடைத்தால் நீலக் குழந்தைகள் பிழைக்கும் என்று யோசித்தவர் ஹெலன் டாசிக். அதை விலங்குகளில் செய்து செய்து முறைப்படுத்தியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின ஆய்வக உதவியாளர். முதல் அறுவை நடந்தபோது பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். தாமஸ் மருத்துவம் படித்தவர் இல்லை, தச்சு வேலை செய்தவர். கையால் வேலை செய்து பிழைப்பவன் என்ற முறையில் அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. என் மகள் மூச்சுவிடுவதில் ஒரு தச்சரின் கையும் இருக்கிறது.

சரி, இப்போது என் முதல் தவறுக்கு வருகிறேன். தம்பி, இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்.

ஷன்ட் வைத்த மூன்றாம் நாள் மானிட்டரில் ஆக்சிஜன் 91 காட்டியது. அதற்கு முன் 70, 72 என்று பார்த்துப் பார்த்து வெந்து போயிருந்த நான், மனைவிக்குப் போன் போட்டு "தொண்ணூறு தாண்டிடுச்சு" என்று கத்தினேன். டாக்டர் வந்து அதே நம்பரைப் பார்த்தார். முகம் மாறியது. மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. மூச்சு வேகமாக இருந்தது. உடம்புக்கு ரத்தம் போதாவிட்டால் கூடும் லாக்டேட் என்ற பொருள் ரத்தத்தில் ஏறியிருந்தது.

ஒரு மோட்டாரிலிருந்து டீ (T) இணைப்புப் போட்டு இரண்டு லைன் எடுத்தால் என்ன ஆகும்? எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும், மற்ற பக்கம் காயும். ஷன்ட் நிலையில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரலும் உடம்பும் இப்படி இரண்டு கிளை லைன்கள். 91 என்பதற்கு, நுரையீரல் பக்கம் ரத்தம் வாரிக்கொண்டு போகிறது, குடலும் சிறுநீரகமும் காலும் காய்கின்றன என்று அர்த்தம். டாக்டர் ஒரு கணக்கு எழுதிக் காட்டினார். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் 80, சிரை ரத்தத்தில் 60, நுரையீரலிலிருந்து வருவது 100 என்று வைத்துக்கொள்வோம். உடம்பு எடுத்துக்கொண்டது 20, நுரையீரல் சேர்த்ததும் 20. இரண்டு பக்கமும் சமமாக ஓடுகிறது. தமனியில் 90, சிரையில் 60 என்றால் உடம்பு எடுத்தது 30, நுரையீரல் சேர்த்தது 10தான். அப்படியானால் உடம்புக்கு ஒரு மடங்கு போகும் நேரத்தில் நுரையீரலுக்கு மூன்று மடங்கு போகிறது. ஒரே கீழறை அந்த நாலு மடங்கையும் சுமக்கிறது.

மூக்கருகில் வைத்திருந்த ஆக்சிஜனை அன்று குறைத்தார்கள். நுரையீரல் தமனிகள் ஆக்சிஜன் பட்டால் விரிந்து கொடுக்கும், இன்னும் ரத்தத்தை இழுக்கும். மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கு ஆக்சிஜனைக் குறைப்பதைப் பார்க்க எந்த அப்பாவுக்கும் வயிறு கலங்கும். நானும் சண்டைக்குப் போனேன். ஆறு மணி நேரம் கழித்து நம்பர் 82 ஆனது, பாதம் சூடானது, சிறுநீர் இறங்கியது. அந்த டாக்டரிடம் மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

என் குழாய்க் கணக்கு முதலில் உடைந்ததும் அன்றைக்குத்தான். பிவிசி குழாய் எதற்கும் விரிந்து கொடுக்காது. நுரையீரல் அப்படி இல்லை, அதற்கு உயிர் இருக்கிறது. ஆக்சிஜனுக்குத் திறக்கும். குளிருக்கும் வலிக்கும் அமிலம் கூடிய ரத்தத்துக்கும் இறுகும். அப்புறம் ஒன்பது வருடமாக நான் கற்றுக்கொண்ட எல்லாமே ஏறக்குறைய இந்த ஒன்றின் விரிவுதான்.

வீட்டுக்கு வந்தபின் தினமும் எடை, தினமும் இரண்டு வேளை ஆக்சிமீட்டர். ஒரு நோட்டில் எழுதி வைப்போம். 75க்கும் 85க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. கீழே போனால் ஷன்ட் அடைக்கிறதோ என்று பயம், மேலே போனால் உடம்பு காய்கிறதோ என்று பயம். வாந்தி பேதி வந்தால் ரத்தம் கெட்டியாகி அந்த மூன்றரை மில்லிமீட்டர் அடைத்துக்கொள்ளலாம் என்பதால் அன்றே ஓடுவோம். பால் குடிக்கும்போது நெற்றி வேர்க்கிறதா என்று பார்ப்பது என் மனைவியின் வேலை. எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் தூக்கம் என்பது அந்த ஆறு மாதத்தில் கிடையாது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆறாவது மாதம் க்ளென் அறுவை. தலையிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையை இதயத்திலிருந்து கழற்றி, நேராக நுரையீரல் தமனியில் தைத்துவிடுவது. ஷன்ட்டை எடுத்துவிடுவார்கள். தலையிலிருந்து இறங்கும் ரத்தம் மோட்டாரே இல்லாமல், தன் சொந்த அழுத்தத்தில் நுரையீரலுக்குள் போகும். கீழறைக்குப் பாதி பாரம் இறங்கும். இதையே பிறந்தவுடன் செய்தால் என்ன என்று கேட்டேன். பிறந்த குழந்தையின் நுரையீரல் வயிற்றுக்குள் இருந்தபோது இருந்த இறுக்கத்தை இன்னும் விட்டிருக்காதாம். வாரங்கள் போகப் போகத்தான் தடை இறங்கும். அதற்கு முன் செய்தால் ரத்தம் உள்ளே போக முடியாமல் தலையிலேயே தேங்கும்.

க்ளென் முடிந்து வந்தபோது மகளின் முகமும் இமைகளும் வீங்கியிருந்தன. தலைவலியால் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். தலையணையை உயர்த்தி வைத்திருந்தார்கள். தொட்டியை மேலே தூக்கி வைத்தால் தண்ணீர் தானாக இறங்குவதுபோல் தலை உயர்ந்தால் ரத்தம் இறங்கும், அது எனக்குச் சொல்லாமலே புரிந்தது. புரியாதது வேறொன்று. வென்டிலேட்டரில் இருந்தபோது அவளுக்குக் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது, அதை டாக்டர்கள் குறைக்கவில்லை. கார்பன் டை ஆக்சைடு கூடினால் நுரையீரல் தமனி இறுகும் என்று அதற்குள் நான் படித்து வைத்திருந்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன். ஐசியு டாக்டர் பொறுமையாக விளக்கினார். க்ளென் குழந்தைக்கு நுரையீரலுக்கு வரும் ரத்தம் மூளையைச் சுற்றிவிட்டுத்தான் வருகிறது. கார்பன் டை ஆக்சைடு சற்றுக் கூடினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும். மூளைக்கு அதிகம் போனால், மூளையிலிருந்து அதிகம் இறங்கும். இறங்குவதெல்லாம் நுரையீரலுக்குத்தான். அதனால் ஆக்சிஜன் கூடத்தான் செய்யும்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு வால்வைத் திருகினால் நாலு இடம் தாண்டி வேறெங்கோ தண்ணீர் கூடும் என்பது என் தொழிலில் தெரிந்ததுதான். ஆனால் ஒரு குழந்தையின் மூளையும் நுரையீரலும் இப்படிக் கைகோத்து நிற்கும் என்று எந்த மெக்கானிக்கால் யோசிக்க முடியும்?

அன்று மாலையே மூச்சுக்குழாயை எடுத்துவிட்டார்கள். வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுகிறது, நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி ரத்தத்துக்கு வழி மறிக்கிறது. நாம் தானாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, காற்றோடு ரத்தமும் இழுக்கப்படுகிறது. குழாயை எடுத்த அரை மணி நேரத்தில் நம்பர் 78லிருந்து 84க்கு ஏறியதை நானே பார்த்தேன். அவள் அழுதபோது மட்டும் இறங்கியது.

அடுத்த மூன்று வருடம் நன்றாகப் போனது. நடந்தாள், பேசினாள், தம்பி பிறந்தான். ஆனால் நம்பர் மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தது, 84, 82, 79. எதுவும் கெட்டுப்போகவில்லை என்றார்கள். கைக்குழந்தைக்குத் தலை பெரிது, திரும்பி வரும் ரத்தத்தில் ஏறக்குறைய பாதி மேலிருந்து வருகிறது. வளர வளரக் கால் நீள்கிறது, கீழிருந்து வரும் பங்கு கூடுகிறது. அந்தப் பங்கு நுரையீரலைப் பார்க்காமலே நேராக இதயத்துக்குப் போய்க் கலந்தது. அவள் உயரம் அளக்கும் கோட்டைத் தாண்டத் தாண்டச் சந்தோஷப்பட்ட நாங்கள், அந்த வளர்ச்சியே நகத்தை நீலமாக்குகிறது என்று தெரிந்தபோது என்ன நினைப்பது என்று தெரியாமல் இருந்தோம்.

நாலு வயதில் ஃபான்டான் அறுவை. கீழிருந்து வரும் கீழ்ப்பெருஞ்சிரையையும் 18 மில்லிமீட்டர் குழாய் ஒன்றின் வழியாக நுரையீரல் தமனியில் சேர்த்தார்கள். இனி நீல ரத்தம் முழுவதும் மோட்டார் இல்லாமலே நுரையீரலைக் கடக்க வேண்டும். தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்: கடைசியில் நுரையீரலுக்கு யாரும் அனுப்புவதில்லை, ரத்தம் தானாகப் போகிறது.

எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று, ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு அளந்த கேத் ரிப்போர்ட்டில் பார்த்தேன். நுரையீரல் தமனியில் 13, தாண்டி வந்தபின் மேலறையில் 7. வித்தியாசம் 6 மில்லிமீட்டர் பாதரசம். பாதரசத்தைத் தண்ணீர்க் கணக்குக்கு மாற்றினால் எட்டு சென்டிமீட்டர் சொச்சம். எங்கள் பாஷையில் எட்டு சென்டிமீட்டர் ஹெட். நான்கு விரல்கடை உயரம். நான்கு விரல்கடை உயரத்தில் வைத்த தொட்டியிலிருந்து ஒரு வீட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்னால் நான் முடியாது என்று திரும்பி வந்துவிடுவேன். என் மகளின் நுரையீரலுக்குள் ஒரு நாளைக்கு 24 மணி நேரமும் ரத்தம் போவது அந்த நான்கு விரல்கடையில்தான். அந்த ரிப்போர்ட்டைப் பத்து தடவையாவது படித்திருப்பேன்.

பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரத்தில் ஃபிரான்சிஸ் ஃபான்டான் 1968ல் இதை முதலில் செய்தார். 1971ல் வெளியிட்டார். அவர் செய்தது அப்படியே இன்று செய்வதில்லை. வலது மேலறை கொஞ்சம் மோட்டாராக உதவும் என்று எண்ணி அதை லைனுக்குள் விட்டிருந்தார், வால்வுகளும் வைத்தார். 1988ல் லண்டனில் மார்க் டி லெவால் குழு குழாய் மாதிரிகளில் ஓட்டிப் பார்த்து, துடிக்கும் அறை நடுவில் இருந்தால் ரத்தம் சுழன்று சக்தி வீணாகிறது, நேரான வழவழப்பான குழாய்தான் நல்லது என்று காட்டினார்கள். லைனுக்கு நடுவில் ஒரு தொட்டியை வைத்தால் வேகம் செத்துவிடும் என்பதை எங்கள் ஆட்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்று அப்போது தோன்றியது. மேலிருந்து வரும் சிரையையும் கீழிருந்து வரும் குழாயையும் நேருக்கு நேர் மோத விடாமல் கொஞ்சம் தள்ளித் தைப்பதும் அதே கணக்குத்தான்.

நெஞ்சில் வைத்த வடிகுழாய்களிலிருந்து 11 நாள் நீர் வடிந்தது. அப்புறம் நின்றது. நம்பர் 94. மகள் தன் விரல்களை அம்மாவின் விரல்களோடு ஒட்டிவைத்து, "ஒரே கலர்" என்றாள். அதிலிருந்து அது அவள் வழக்கமாகிவிட்டது, காலையில் எழுந்ததும் நகத்தை அம்மாவின் நகத்தோடு ஒட்டிப் பார்ப்பது.

அவளுக்கு ஏழு வயதானபோது, ஒருநாள் ஒட்டிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் கையை எடுத்துக்கொண்டாள். மனைவி என்னைக் கூப்பிட்டாள். மீட்டரில் 88. அடுத்த இரண்டு மாதத்தில் 84.

எக்கோவில் இதயம் நன்றாகத் துடித்தது, வால்வு ஒழுகவில்லை. "இதயம் நன்றாக இருக்கிறது" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் வீணானது. என் மனைவிதான் திரும்பக் கூட்டிப்போய், "இதயத்தைப் பார்த்தாச்சு, நுரையீரலுக்கு ரத்தம் எப்படிப் போகுதுன்னு யார் பார்த்தது?" என்று கேட்டாள். ஒன்பது வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் கேட்ட கேள்விகளில் அதுதான் சிறந்தது. புது டாக்டர் ஒருவர் அதைக் காது கொடுத்துக் கேட்டார்.

நுரையீரல் ரத்த ஓட்ட ஸ்கேன் எடுத்தார்கள். கதிரியக்கம் சேர்த்த நுண்ணிய புரதத் துகள்களைச் சிரையில் செலுத்துவார்கள். அவை ரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்குழாய்களில் சற்று நேரம் தங்கும். எந்தப் பக்கம் எவ்வளவு தங்கியது என்று கேமரா எண்ணும். சாதாரணமாக வலது 55, இடது 45 என்று பிரியும். முதலில் கையில் ஊசி போட்டுப் படம் எடுத்தார்கள். இன்னொரு நாள் வரச்சொல்லி, காலில் ஊசி போட்டார்கள்.

"அப்பா, நெஞ்சைப் பார்க்கிறதுக்குக் கால்ல எதுக்கு ஊசி?" என்று கேட்டாள்.

"கையிலேர்ந்து வர்ற ரத்தம் ஒரு வழியா வருதும்மா, கால்லேர்ந்து வர்றது இன்னொரு வழியா வருது. ரெண்டும் எங்க போகுதுன்னு தனித்தனியாப் பார்க்கணும்."

"ரெண்டும் நுரையீரலுக்குத்தானே போகுது?"

"எந்த நுரையீரலுக்கு?" என்றேன். அவள் யோசித்துக்கொண்டே படுத்திருந்தாள், அசையவே இல்லை.

கையில் போட்டதில் இடது பக்கம் 34. காலில் போட்டதில் இடது பக்கம் 9. கால் ஊசித் துகள் நூற்றில் 91 வலது நுரையீரலுக்கே போயிருந்தது. இடது நுரையீரல் தமனி, பெருந்தமனி வளைவுக்குக் கீழே போகும் இடத்தில் நெரிந்திருந்தது.

குழாய்க்காரனாக நான் சொன்னது: "இடது பக்கம் ரத்தம் குறைவு, சரி. ஆனால் போகும் ரத்தம் எந்த நுரையீரல் வழியாகப் போனாலும் சிவந்துதானே வரும்? நம்பர் ஏன் இறங்குகிறது?" அங்கேதான் என் கணக்கு இரண்டாம் முறை உடைந்தது, இந்தத் தடவை அடியோடு.

கீழிருந்து வரும் ரத்தத்தில் ஈரலின் ரத்தம் இருக்கிறது. ஈரல் ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று நுரையீரலின் நுண்குழாய்களை ஒழுங்காக வைத்திருக்கிறது. அந்த ரத்தம் கிடைக்காத நுரையீரலில், வருடக்கணக்கில், தமனியிலிருந்து சிரைக்கு நேராகத் தாவும் குறுக்கு வழிகள் முளைக்கின்றன. அதில் போகும் ரத்தம் காற்றைத் தொடாமலே நீலமாகத் திரும்பிவிடும். ஈரலின் சிரைகள் தனியாக இதயத்தில் திறக்கும் குழந்தைகள் சிலருக்கு, மற்ற சிரை ரத்தத்தை மட்டும் நுரையீரலில் சேர்த்தபோது இந்தக் குறுக்கு வழிகள் வந்தன. பிறகு ஈரல் ரத்தத்தையும் சேர்த்தபோது பலருக்கு அவை மறைந்தன. அதிலிருந்துதான் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் உள்ள இந்த உறவு பிடிபட்டது. அது இன்ன பொருள் என்று இன்னும் முடிவாகவில்லை. ஹெப்பாட்டிக் ஃபேக்டர், ஈரல் காரணி, என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

கேத் லேபில் உறுதி செய்தார்கள். உப்புநீரைக் குலுக்கி நுண்குமிழிகளாக்கி இடது நுரையீரல் தமனிக்குள் விட்டால், நல்ல நுண்குழாய்கள் குமிழிகளை வடிகட்டிவிடும். என் மகளுக்கு மூன்றே துடிப்பில் இதயத்தில் குமிழிகள் தெரிந்தன. நெரிந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்து விரித்தார்கள், அவள் வளர வளர இன்னும் விரிக்கக்கூடிய வகை. அப்போதே இன்னொன்றும் கண்டார்கள். பெருந்தமனியிலிருந்து நுரையீரலுக்குத் தானாக வளர்ந்த சில்லறைத் தமனிகள். ஆக்சிஜன் குறைந்த உடம்பு தானே வெட்டிக்கொண்ட வாய்க்கால்கள் அவை. ஏற்கெனவே சிவந்த ரத்தத்தை மறுபடியும் நுரையீரலுக்கே கொண்டுபோய், ஒற்றைக் கீழறைக்கு வீண் சுமை ஏற்றுகின்றன. நுரையீரலில் அழுத்தத்தைக் கூட்டி, அந்த நான்கு விரல்கடை ஓட்டத்துக்கு எதிரே தள்ளுகின்றன. பெரியதாக இருந்த ஒன்றைக் காயில் (coil) என்ற கம்பிச் சுருள் வைத்து அடைத்தார்கள்.

ஸ்டென்ட் வைத்த மறுநாள் நம்பர் 85. நான் உடைந்து போனேன். லைன் திறந்தாகிவிட்டதே, தண்ணீர் வர வேண்டாமா? டாக்டர் சொன்னார், "குழாய் நேற்றே திறந்துவிட்டது. நுரையீரல் மாறுவதற்கு மாதங்கள் ஆகும்." அப்படியேதான் ஆனது. மூன்றாம் மாதம் 87, ஐந்தாம் மாதம் 89, எட்டாம் மாதம் 91. மறுபடி காலில் ஊசி போட்டு எடுத்ததில் இடது பக்கம் 31. ஈரல் ரத்தம் போய்ச் சேரச் சேர, குறுக்கு வழிகள் ஒவ்வொன்றாக அடங்கியிருக்கின்றன.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. வேகமாக ஓடினால் மற்றவர்களுக்கு முன்பே மூச்சு வாங்கும். மோட்டார் இருப்பவர்களுக்கு ஓடும்போது நுரையீரலுக்குள் ரத்தம் பல மடங்கு தள்ளப்படும், இவளுக்கு அதைத் தள்ள ஆள் இல்லை. ஆனால் கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடியிலும் ரத்தத்தை மேலே பிழிந்துவிடுகிறது, அதனால் கால் தசையை வலுவாக வைத்திருக்கச் சொல்கிறார்கள். மாடிப்படியில் தினமும் என்னோடு ஏறி இறங்குவாள். சளிக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கினால் நுரையீரலின் தடை கூடும் என்பதால் அதை மட்டும் நாங்கள் அலட்சியமாக விடுவதில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லி அவள் தம்பிதான் விரட்டிக்கொண்டிருப்பான். ஈரலில் வருடக்கணக்காக அழுத்தம் நிற்பதால் அதையும் ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். அடுத்த எம்ஆர்ஐ நான்கு மாதத்தில். அதில் ஒவ்வொரு நுரையீரலுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் போகிறது என்று அளந்து சொல்வார்கள். என் நோட்டில் அதற்கு ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, நேற்று இரவு, அந்தத் தம்பி போன் செய்தார். பெண் குழந்தை, பிறந்து மூன்று வாரம். ஷன்ட் வைத்தாகிவிட்டது. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். குரல் நடுங்கியது.

"அண்ணே, எண்பத்திரண்டுதான் காட்டுது. அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது."

"மூச்சு வேகமா வாங்குதா?"

"இல்லண்ணே."

"பாதத்தைத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கா?"

போனைக் கீழே வைக்கும் சத்தம், அவர் மனைவி ஏதோ சொல்லும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"சூடா இருக்குண்ணே. என் விரலைக் காலால உதைக்கிறா."

"அப்ப அது நல்ல நம்பர் தம்பி" என்றேன்.